லுவான்டி உலக வரைபடத்தில் வட்டம், கோடு, ஊர்ப்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் லுவான்டி விளையாட்டில் சர்வர் நடத்துகிறவர்களும் வீட்டில் தனியாக ஊர் கட்டுகிறவர்களும், உலகப் படத்தின் மேல் குறிகள் போடுவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். 2010-இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024 அக்டோபரில் பெயர் மாறியதே இந்த லுவான்டி. ஆணைகளை உச்சரிப்புப்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (ஆணைகளைத் தட்டும் திரையில்) தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

படத்தை எடுத்து பெயிண்ட்ல திறந்து எழுதிட்டாப் போதாதா? இதுக்கு எதுக்கு டெர்மினல்?

ஒரே ஒரு முறைதான் படம் வேண்டும் என்றால் பெயிண்டே போதும். ஆனால் உலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த வாரம் யாரோ ஒரு பாலம் கட்டுவார்கள், இன்னொருவர் மலையைக் குடைவார். புதுப் படம் எடுத்த அன்றைக்குப் பழைய படத்தின் மேல் கையால் எழுதிய பெயர்கள் எல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஆகவே குறிகளைப் படத்தில் வைக்காமல் ஒரு சாதாரண உரைக் கோப்பில், விளையாட்டின் ஆயத்தொலைவுகளோடு எழுதி வையுங்கள். படம் எப்போது புதிதாக வந்தாலும் அந்தக் கோப்பை அதன் மேல் ஒருமுறை ஓட்டினால் வேலை முடிந்தது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு ஏற்பாட்டைச் சுற்றித்தான்.

என்னென்ன இன்ஸ்டால் பண்ணணும்?

இரண்டு கருவிகள். உலகத் தரவைப் படித்து மேலிருந்து பார்த்த படமாகத் தருவது மைன்டெஸ்ட்மேப்பர். அந்தப் படத்தின் மேல் வரைவது இமேஜ்மேஜிக். டெபியன் லினக்ஸில் இரண்டுமே தொகுப்பாகக் கிடைக்கின்றன.

இமேஜ்மேஜிக்கின் 7-ஆம் பதிப்பில் ஆணையின் பெயர் மேஜிக், 6-இல் கன்வெர்ட். டெபியன் 12, உபுண்டு 24.04 இரண்டிலும் 6-தான் வருகிறது. நான் மேஜிக் என்று எழுதும் இடத்தில் அவர்கள் கன்வெர்ட் என்று வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் ஒன்றே. மேப்பரிலிருந்து பிரிந்த கிளை ஒன்றில் கோடும் வட்டமும் பெயரும் போடும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் இமேஜ்மேஜிக் பழகினால் எந்த விளையாட்டின் படத்துக்கும் உதவும் என்பதால் நான் அதையே சொல்கிறேன்.

அடிப்படைப் படத்தை எப்படி எடுக்கிறது?

மேப்பருக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: உலகக் கோப்புறை எது, வெளியீட்டுப் படம் எது, எந்தப் பகுதி. பகுதியைச் சொல்வது ஜியோமெட்ரி என்ற தேர்வு.

மைன்டெஸ்ட்மேப்பர் -ஐ உலகம் -ஓ உலகம்.பிஎன்ஜி --ஜியோமெட்ரி "-800:-800+1600+1600"

முதல் இரண்டு எண்கள் தென்மேற்கு மூலை, அடுத்த இரண்டும் அகலமும் உயரமும். மூலையையும் அளவையும் 16-இன் மடங்காகவே கொடுங்கள். உலகம் 16 × 16 × 16 கட்டைகள் கொண்ட துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. மடங்காக இல்லாவிட்டால் மேப்பர் தானாக நகர்த்திக்கொள்ளும், பிறகு உங்கள் கணக்கு தப்பும். இந்தப் பக்கத்தில் வரும் எண்களெல்லாம் மேலே உள்ள 1600-க்கு 1600 படத்துக்கானவை.

படத்தில் பாதி இடம் ஓட்டை ஓட்டையாக வந்தால் அது வேறு பிரச்சினை. உங்கள் மாட்களில் (விளையாட்டில் சேர்த்த கூடுதல் நிரல்களில்) உள்ள கட்டைகளுக்கு மேப்பரின் நிறக் கோப்பில் நிறம் இல்லை என்று அர்த்தம். எந்தக் கட்டைகள் தெரியவில்லை என்று டெர்மினலிலேயே பட்டியல் வரும், அதைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

எஃப்5 தட்டினா மூணு நம்பர் வருது. வரைபடத்துக்கு எந்த ரெண்டு?

முதலாவதும் மூன்றாவதும். லுவான்டியில் எக்ஸ் கிழக்கு நோக்கிக் கூடும், இசட் வடக்கு நோக்கிக் கூடும், நடுவில் இருக்கும் ஒய் உயரம். பள்ளிக்கூடக் கணக்குப் பழக்கத்தில் எக்ஸையும் ஒய்யையும் எடுத்துவிடுகிறார்கள். தரைமட்டத்தில் உயரம் பெரும்பாலும் சின்ன எண்ணாகவே இருக்கும். அதனால் எல்லாக் குறிகளும் படத்தின் குறுக்கே ஒரே வரிசையில் வந்து நிற்கும். அப்படி ஒரு வரிசை தெரிந்தால் காரணம் இதுதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

நம்பரைச் சரியாத்தான் கொடுத்தேன், ஆனா ஸ்டேஷன் கடலுக்குள்ள போய் விழுது. ஏன்?

படத்தின் பிக்சல் கணக்கு மேல் இடது மூலையில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கூடும். விளையாட்டின் இசட் மேல்நோக்கிக் கூடும். இரண்டும் எதிரெதிர். அதோடு உலகத்தின் சுழியம் படத்தின் நடுவில் இருக்கிறது. ஆக, இரண்டு திருத்தம் வேண்டும்: ஒன்றில் கூட்டல், மற்றதில் கழித்தல்.

நம் படத்துக்கு, குறுக்குப் பிக்சல் = எக்ஸ் + 800. நெடுக்குப் பிக்சல் = 799 − இசட். ரயில் நிலையம் எக்ஸ் 312, இசட் −145-இல் இருக்கிறது என்றால் குறுக்கே 1112, நெடுக்கே 799 + 145, அதாவது 944. ஏன் 800 இல்லாமல் 799? தெற்கு விளிம்பு −800, உயரம் 1600, ஆகவே வடக்கு ஓரத்துக் கடைசி வரிசை 799. ஒரு பிக்சல்தானே என்று விட்டாலும் பரவாயில்லை. ஆனால் பின்னால் படத்தைப் பெரிதாக்கும்போது அந்த ஒன்று நான்காகும்.

கணக்குப் போடவே பிடிக்கவில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. இமேஜ்மேஜிக்கின் டிரா தேர்வுக்குள்ளேயே இடம்பெயர்க்கவும் திருப்பவும் சொல்லலாம்: "டிரான்ஸ்லேட் 800,799 ஸ்கேல் 1,-1" என்று முதலில் எழுதிவிட்டு, அதே மேற்கோளுக்குள் உருவத்தை விளையாட்டின் எண்களாலேயே எழுதுங்கள். கோடு, வட்டம், பலகோணம் எல்லாம் தத்தம் இடத்தில் போய் அமரும். எழுத்துக்கு மட்டும் இது வேண்டாம், தலைகீழாகிவிடும்.

கணக்கு சரி, இருந்தும் எல்லாமே ஒரே அளவு தள்ளிப்போய் நிக்குது.

மேப்பரை அளவுகோலோடு ஓட்டியிருப்பீர்கள். டிராஸ்கேல் கொடுத்தால் மேலேயும் இடப்பக்கமும் 40 பிக்சல் ஓரம் சேரும். ஒன்று அதை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டு சூத்திரத்திலும் 40 கூட்டுங்கள். நான் அடிப்படைப் படத்தை அளவுகோல் இல்லாமல் எடுத்து, அளவுகோலைக் கடைசியில் நானே வரைவேன்.

ஓரம் இல்லாமலும் தள்ளுகிறது என்றால் படத்தின் உண்மையான அளவைப் பாருங்கள். ஐடென்டிஃபை என்ற ஆணை அகலம், உயரம் சொல்லும். கேட்ட அளவும் வந்த அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் சூத்திரத்தில் உள்ள 800-உம் 799-உம் பொருந்தாது. அப்போது படத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு கட்டடத்தின் மூலையை எடுத்து, அதன் பிக்சலிலிருந்து அதன் எக்ஸைக் கழித்தால் சரியான கூட்டெண் கிடைக்கும். நெடுக்குப் பிக்சலோடு இசட்டைக் கூட்டினால் மற்ற எண். எதிர்மூலையில் இன்னொரு கட்டடத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டால் நிம்மதி.

50 கட்டை ஆரம்னு சொன்னேன், வட்டம் படத்தையே விழுங்கிடுச்சு!

வட்டத்துக்கு ஆரம் கேட்கிற மாதிரி தோன்றும், ஆனால் இமேஜ்மேஜிக் கேட்பது இரண்டு புள்ளிகள்: மையம் ஒன்று, விளிம்பின் மேல் ஏதாவது ஒரு புள்ளி. மையம் 1112,944, ஆரம் 50 வேண்டுமானால் விளிம்புப் புள்ளி 1162,944.

மேஜிக் உலகம்.பிஎன்ஜி -ஃபில் நன் -ஸ்ட்ரோக் ரெட் -ஸ்ட்ரோக்விட்த் 3 -டிரா "சர்க்கிள் 1112,944 1162,944" குறித்தது.பிஎன்ஜி

நீங்கள் "50,50" என்று கொடுத்திருந்தால் அது படத்தின் மேல் இடது மூலைக்குப் பக்கத்தில் உள்ள புள்ளி. வட்டம் அங்கே வரை நீண்டது அதனால்தான். ஆரமாகவே கொடுக்க ஆசையென்றால் எலிப்ஸ் பயன்படுத்துங்கள்: மையம், அடுத்து இரண்டு ஆரங்கள், கடைசியில் தொடக்க, முடிவுக் கோணங்கள். "எலிப்ஸ் 1112,944 50,50 0,360" என்றால் முழு வட்டம். கோணத்தைக் குறைத்தால் வில் கிடைக்கும். செவ்வகம் எளிது, எதிரெதிர் மூலைகள் இரண்டு போதும்.

ரயில் பாதை வரைஞ்சேன். பாதைக்கும் பாதைக்கும் நடுவுல கறுப்பா அப்பிக்கிச்சு.

பல புள்ளிகளை இணைக்கும் பாலிலைன், நிரப்பு நிறம் எதுவும் சொல்லாவிட்டால் தொடக்கத்தையும் முடிவையும் மனசுக்குள் இணைத்து உட்புறத்தைக் கறுப்பால் நிரப்பிவிடும். ஃபில் நன் என்று முன்னால் சேருங்கள். மேலே வட்டத்துக்கும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

எல்லை வரைய வேண்டுமானால் பாலிகன். அது கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு தானே இணைக்கும். எல்லைக்குள் மெல்லிய சாயம் பூசினால் யாருடைய நிலம் எது என்று பார்த்ததும் தெரியும். நிறத்தை ஆர்ஜிபிஏ வடிவில் கொடுத்து சாயத்தின் அடர்த்தியைச் சொல்லும் நான்காவது எண்ணை 0.25 அளவில் வையுங்கள். 0.5-க்கு மேல் போனால் கீழே உள்ள நிலம் மறைந்துவிடுகிறது.

கலர் மாத்தி மாத்திப் பாக்குறேன், மாறவே மாட்டேங்குது.

வரிசையைப் பாருங்கள். இமேஜ்மேஜிக் இடமிருந்து வலமாகப் படித்தபடியே வேலை செய்துகொண்டு போகும். டிரா வந்த பிறகு ஃபில் சொன்னால் அது அடுத்த டிராவுக்குத்தான் பொருந்தும். அதேபோல ஒருமுறை வைத்த நிறமும் கோட்டுத் தடிமனும் நீங்கள் மாற்றும்வரை அப்படியே நிற்கும்.

இன்னொரு சாத்தியம்: ஹாஷ் குறியோடு நிறக் குறியீடு கொடுத்து, மேற்கோள் போடாமல் விட்டிருப்பீர்கள். டெர்மினலில் தட்டுவதைப் படிக்கும் பேஷ் ஷெல்லுக்கு ஒரு சொல்லின் தொடக்கத்தில் # வந்தால் அங்கிருந்து வரி முடியும்வரை குறிப்புரை. வெளியீட்டுக் கோப்பின் பெயர்கூட அதில் காணாமல் போகும். எண் நிறங்களையும் அடைப்புக்குறி உள்ள நிறங்களையும் எப்போதும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

ஊர்ப்பெயர் எழுதினா காட்டோட கலந்து படிக்கவே முடியல.

வெள்ளை எழுத்து பனியில் மறையும், கறுப்பு காட்டில் மறையும். எந்த நிறமும் எல்லா நிலத்துக்கும் ஒத்துவராது. அதனால் எழுத்தைச் சுற்றி ஒரு கரை வேண்டும். ஸ்ட்ரோக் (விளிம்புக் கோட்டின் நிறம்) கொடுத்தால் ஆயிற்றே என்று எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். ஆனால் கோட்டின் பாதித் தடிமன் எழுத்தின் உட்புறமாகவும் போவதால் சின்ன எழுத்து அமுங்கிவிடும். தமிழில் ணகரமும் ஐகாரக் குறியும் முதலில் அடைபடும்.

ஆகவே ஒரே பெயரை ஒரே இடத்தில் இரண்டு தடவை எழுதுங்கள். முதலில் கறுப்புக் கோடு, தடிமன் 5. அடுத்து ஸ்ட்ரோக் நன், ஃபில் வொயிட் என்று மாற்றி அதன் மேலேயே. உட்புறம் மூடப்பட்டு, வெளியே பிதுங்கிய கறுப்பு மட்டும் கரையாக நிற்கும். இந்த இரண்டாவது முறையில் ஸ்ட்ரோக்கை நன் ஆக்க மறந்தால் பழைய கறுப்புக் கோடு தொடரும், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

தமிழ்ல பேர் எழுதினா கொம்பெல்லாம் இடம் மாறி வருது அண்ணா. என்ன செய்ய?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். 'கோட்டை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் ககரம், அதன் பின் ஓகாரக் குறி என்ற வரிசையில்தான் இருக்கிறது. திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். 'டை'யில் ஐகாரக் குறி டகரத்தைத் தாண்டி முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கென்றே தனி நிரல் இருக்கிறது. அது இல்லாத இமேஜ்மேஜிக் கோப்பில் உள்ள வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடும்.

உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்க்க, மேஜிக் -வெர்ஷன் தட்டி, டெலிகேட்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்த நிரலின் பெயரான ராக்ம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எழுத்து எழுதும் அனோடேட், டிரா இரண்டு தேர்வுகளிலும் தமிழ் ஒழுங்காக வரும். இல்லாவிட்டால் அதே வரியில், இதே வேலை தெரிந்த பாங்கோகெய்ரோ இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அப்போது பெயரைத் தனிப் படமாக உருவாக்கி ஒட்டலாம். பேக்ரவுண்ட் நன், ஃபில் வொயிட் என்று சொல்லிவிட்டு, பாங்கோ என்ற முன்னொட்டோடு முக்காற்புள்ளி வைத்துப் பெயரை எழுதினால் பின்னணி இல்லாத சின்னப் படம் கிடைக்கும். அதை ஜியோமெட்ரி, காம்போசிட் இரண்டும் சொல்லி வரைபடத்தின் மேல் வையுங்கள்.

எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டிகள் வந்தால் அது எழுத்துருப் பிரச்சினை. டிராவும் அனோடேட்டும் ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை இன்னொன்றில் போய்த் தேடாது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழை நிறுவி, ஃபான்ட் தேர்வில் அதைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். பெயர் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மேஜிக் -லிஸ்ட் ஃபான்ட். பாங்கோ மாற்று எழுத்துருவைத் தானே தேடிக்கொள்ளும், அதனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த பெயர்களுக்கு அதுவே வசதி.

பெயர் புள்ளிக்கு வலப்பக்கமே தொடங்குது. நடுவுல வைக்க முடியாதா?

நீங்கள் கொடுக்கும் இடம் எழுத்தின் இடது ஓரம், அதுவும் அடிக்கோட்டில். பெயரின் நீளம் முன்கூட்டித் தெரியாததால் நாமே கழித்து வைக்கவும் முடியாது. இதற்குத்தான் கிராவிட்டி. கிராவிட்டி சென்டர் என்று சொன்னால் பெயரின் நடு, படத்தின் நடுவிலிருந்து நீங்கள் சொல்லும் தூரத்தில் வந்து நிற்கும்.

நம் படத்தின் நடுதான் உலகத்தின் சுழியம் என்பதால் இதில் ஒரு கூடுதல் லாபம். எக்ஸ் எண்ணை அப்படியே கொடுத்து, இசட்டின் குறியை மட்டும் மாற்றினால் போதும். ரயில் நிலையத்துக்கு அனோடேட் +312+145. அரை பிக்சல் வித்தியாசம் வரும், எழுத்துக்கு அது தெரியாது. பெயர் புள்ளிக்குச் சற்று மேலே நிற்க வேண்டுமானால் 145-ஐ 130 ஆக்குங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: கிராவிட்டி எழுத்தையும் ஒட்டுகிற படத்தையும் மட்டுமே நகர்த்தும். கோடும் வட்டமும் மேல் இடது மூலைக் கணக்கிலேயே இருக்கும்.

எங்க சர்வர்ல நூறு இடத்துக்கு மேல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆணையா?

இல்லை. இங்கேதான் முதல் பதிலில் சொன்ன உரைக் கோப்பு வேலைக்கு வருகிறது. ஒரு வரிக்கு ஓர் இடம்: பெயர், எக்ஸ், இசட், வகை. நடுவில் காற்புள்ளி வேண்டாம், டேப் வையுங்கள். ஊர்ப்பெயரில் காற்புள்ளி வரலாம், டேப் வராது. ஆக் என்ற கருவி அந்தக் கோப்பை வரி வரியாகப் படித்து, மேலே சொன்ன கூட்டல் கழித்தலைச் செய்து, "சர்க்கிள் 1112,944 1118,944" போன்ற வரிகளாக இன்னொரு கோப்பில் எழுதித் தரும். ஆக் நிரலே ஒரு வரிதான்.

அந்தக் கோப்பை டிராவுக்கு @ குறியோடு கொடுத்தால் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் வரையும். டெபியன், உபுண்டுவில் பாதுகாப்புக்காக @ வழியை மூடி வைத்திருப்பதுண்டு. 'அனுமதி இல்லை' என்ற பிழை வந்தால் அதுதான். அந்தத் தடை எழுதியிருக்கும் கொள்கைக் கோப்பைத் திருத்தப் போகாதீர்கள். டாலர் குறியும் அடைப்பும் போட்டு உள்ளே, கோப்பைப் படித்துத் தரும் கேட் ஆணையை வைத்து, கோப்பின் உள்ளடக்கத்தையே நேராக டிராவுக்குக் கொடுத்துவிடலாம்.

வகை என்ற நான்காவது பத்தியை முதல் நாளே வைத்துவிடுங்கள். ஊர், நிலையம், சுரங்கவாய் என்று பிரித்து வைத்தால் பிறகு வரிகளை வடிகட்டும் கிரெப் ஆணையைப் போட்டு, ரயில்வே வரைபடம் தனி, ஊர் வரைபடம் தனி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதுக்கு எஸ்.வி.ஜி நல்லா இருக்கும்னு சொல்றாங்களே?

நல்லாவே இருக்கும். உருவங்களை உரையாகவே எழுதி வைக்கும் பட வடிவம் அது. குறிகள் நிறைய இருந்தால் நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். எஸ்.வி.ஜி கோப்பில் வியூபாக்ஸ் என்ற பண்பை "-800 -800 1600 1600" என்று வைத்துவிட்டால் உள்ளே எழுதும் எண்களெல்லாம் விளையாட்டின் எண்களே. இசட்டுக்கு மட்டும் குறியை மாற்ற வேண்டும். வட்டத்துக்கு இங்கே ஆரமே கொடுக்கலாம். பெயரை நடுவில் நிறுத்த டெக்ஸ்ட்-ஆங்கர் மிடில். கரை போட பெயின்ட்-ஆர்டரில் ஸ்ட்ரோக்கை முதலில் வைத்தால் இரண்டு தடவை எழுத வேண்டியதில்லை.

வரைவதற்கு ஆர்எஸ்விஜி-கன்வெர்ட் ஆணை. அது எழுத்துக்குப் பாங்கோவைப் பயன்படுத்துவதால் தமிழ்ப் பிரச்சினையும் தீர்ந்தது. அடிப்படைப் படத்தை எஸ்.வி.ஜிக்குள் இணைக்க முயலாதீர்கள். வேறு கோப்புறையில் இருக்கும் படங்களை அது ஏற்காது. குறிகளை மட்டும் ஒளிபுகும் பின்னணியோடு 1600 பிக்சலுக்கு எடுத்து, கடைசியில் மேஜிக் காம்போசிட்டால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

பேர்ல மேற்கோள் குறியோ சதவீதக் குறியோ இருந்தா ஆணை உடையுது.

டிராவுக்குள் எழுத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வைப்பதால் பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தால் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு முன் பின்சாய்வு போடுங்கள். சதவீதக் குறி இமேஜ்மேஜிக்கின் அனோடேட் போன்ற தேர்வுகளில் படத்தின் அகலம், கோப்பின் பெயர் போன்ற தகவல்களைக் கொண்டுவரும் குறியீடு. அங்கே அதை இரட்டித்து எழுத வேண்டும். பாங்கோவிலும் எஸ்.வி.ஜியிலும் சிக்கல் & குறியும் சிறியது என்ற < குறியும்; அவற்றுக்கு எச்.டி.எம்.எல் மாற்றுக் குறியீடு தேவை.

விண்டோஸ்ல கன்வெர்ட்னு அடிச்சா ஹார்ட் டிஸ்க் பத்தி ஏதோ சொல்லுது, பயமா இருக்கு.

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் உடனே நிறுத்துங்கள். விண்டோஸிலேயே கன்வெர்ட் என்று ஒரு ஆணை இருக்கிறது. வட்டின் கோப்பு முறையை ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றுவது அதன் வேலை. விண்டோஸில் எப்போதும் மேஜிக் என்றே தட்டுங்கள்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் வெளி மேற்கோள் இரட்டையாகவே இருக்க வேண்டும். நீளமான ஆணையை அடுத்த வரிக்கு மடக்க ^ குறி. பேட்ச் கோப்பில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் இருப்பதால் முந்தைய பதிலில் இரட்டித்தது இங்கே நான்காகும். தமிழ்ப் பெயரைக் கறுப்புத் திரையில் நேராகத் தட்டாமல் யூடிஎஃப்-8 கோப்பில் எழுதி, @ குறியோடு கொடுங்கள்.

ஜூம் 4 வச்சுப் படம் எடுத்தேன். குறியெல்லாம் ஒரு மூலையில குவிஞ்சு கிடக்கு.

ஜூம் 4 என்றால் ஒரு கட்டைக்கு 4 × 4 பிக்சல். சூத்திரத்தின் விடையை நான்கால் பெருக்கி, கட்டையின் நடுவுக்கு வர 2 கூட்டுங்கள். ரயில் நிலையம் 4450, 3778 ஆகும். ஆரம், எழுத்தளவு, கோட்டுத் தடிமன் எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்க வேண்டும். எஸ்.வி.ஜி வழி என்றால் எதையும் தொட வேண்டாம். வெளியீட்டு அகலத்தை 6400 என்று மாற்றினால் போதும்.

உலகம் முழுசையும் ஒரே படமா எடுக்கலாமா?

லுவான்டி உலகம் ஒவ்வொரு திசையிலும் சுமார் 31,000 கட்டை வரை போகும். முழுதும் எடுத்தால் ஒரு பக்கம் 62,000 பிக்சல். டெபியன், உபுண்டுவில் இமேஜ்மேஜிக்கின் இயல்பு வரம்பே ஒரு பக்கத்துக்கு 16,000 பிக்சல்தான். அதைத் தளர்த்தினாலும் நினைவகம் தாங்காது: 16,000-க்கு 16,000 படமே பிக்சலுக்கு 8 பைட் கணக்கில் சுமார் 2 ஜிகாபைட் பிடிக்கும்.

நடமாட்டம் உள்ள பகுதியை மட்டும் எடுங்கள். மேப்பரில் எக்ஸ்டென்ட் என்ற தேர்வு, படம் எதுவும் வரையாமல் உலகம் எதுவரை பரவியிருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

பூமிக்கு அடியில இருக்கிற சுரங்கத்தைக் குறிக்கணும். மேலே புல்லுதான் தெரியுது.

மேப்பரில் மின்-ஒய், மேக்ஸ்-ஒய் என்று உயரத்துக்கு வரம்பு வைக்கலாம். மேக்ஸ்-ஒய்யை −20 என்று வைத்தால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் உரிந்துவிடும். ஆனால் திடமான பாறைக்குள் வெட்டினால் பெரும்பாலும் சாம்பல்தான் தெரியும். சுரங்கத் தளத்தின் உயரத்துக்குச் சற்று மேலே வெட்டினால்தான் பாதைகள் துலங்கும். இடக் கோப்பில் உயரத்துக்கும் ஒரு பத்தி சேர்த்துவிட்டால் எந்தப் பெயர் எந்த அடுக்குப் படத்துக்கு என்று ஆக் பிரித்துத் தரும்.

சர்வர் ஓடிட்டு இருக்கும்போதே எடுக்கலாமா?

எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் உலகம் இருந்தால் இரு பக்கத்திலிருந்தும் 'தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது' என்ற பிழை வரலாம். எஸ்கியூலைட்டின் பேக்கப் ஆணையால் ஒரு நகல் எடுத்து, அதை வேறு கோப்புறையில் உலக அமைப்புக் கோப்போடு சேர்த்து வைத்து, மேப்பரை அங்கே ஓட்டுங்கள். அமைப்புக் கோப்பு இல்லாவிட்டால் தரவு எந்த வகையில் இருக்கிறது என்று மேப்பருக்குத் தெரியாது. நகல், மேப்பர், ஆக், மேஜிக் நான்கையும் ஒரே ஷெல் கோப்பில் போட்டு, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் விட்டால் தினமும் காலையில் புதுப் படம் தயார்.

தானாக வெளியாகும் படம் என்றால் ஆட்டக்காரர்களைக் காட்டும் தேர்வை எடுத்துவிடுங்கள். மறைவாக வீடு கட்டியவர்கள் கோபப்படுவார்கள், நியாயம்தான்.

நான் மைன்கிராஃப்ட் ஆடுறேன். எனக்கும் இது ஒத்துவருமா?

வரைகிற பகுதி முழுவதும் ஒத்துவரும். கணக்கில் ஒரே மாற்றம்: மைன்கிராஃப்டில் இசட் தெற்கு நோக்கிக் கூடும். அதாவது படத்தின் திசையும் அதன் திசையும் ஒன்றே. கழித்தலுக்குப் பதில் கூட்டல், எஸ்.வி.ஜியில் குறியை மாற்ற வேண்டியதே இல்லை. ஆயத்தொலைவு பார்க்க எஃப்3. அடிப்படைப் படத்துக்கு அன்மைன்டு போன்ற கருவியின் கட்டளைவரி வடிவம் இருக்கிறது.

நெதர் பாதைகளை மேலுலகப் படத்தில் காட்ட வேண்டுமானால் நெதரின் எக்ஸையும் இசட்டையும் 8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சாய்கோணத்தில் எடுத்த படங்களுக்கு மட்டும் இந்தச் சூத்திரம் செல்லாது. நேர் மேலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் எங்கெல்லாம் மாறியிருக்குன்னு காட்ட முடியுமா?

முடியும். குறிகளும் அடிப்படைப் படமும் தனித்தனியாக இருந்தால்தான் இது சுத்தமாக வரும். ஒரே ஜியோமெட்ரியில் எடுத்த இரண்டு அடிப்படைப் படங்களை இமேஜ்மேஜிக்கின் கம்பேர் ஆணைக்குக் கொடுங்கள், மாறிய பிக்சல்களைச் சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்புப் படத்தின் மேல் வழக்கமான குறிக் கோப்பை ஓட்டினால் எந்த ஊர்ப்பக்கம் வேலை நடந்திருக்கிறது என்று பெயரோடு தெரியும். சிவப்பு எங்கும் சிதறிக் கிடந்தால் நடுவில் நிறக் கோப்பை மாற்றியிருப்பீர்கள். பழைய உலக நகல் இருந்தால் இப்போதைய நிறக் கோப்பால் அதை மறுபடி எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.